ரம்பத்தின் மறுமுனை

ஷெவாட் மாதம், பதினைந்தாம் இரவு.
மரங்களுக்கெல்லாம் இன்று ஒரு வயது கூடுகிறது.
எந்த மரத்துக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை.
மில்யாட்ஸ்கா ஆற்றங்கரை நெடுக
பனி சுமந்து கைகட்டி நிற்கின்றன.

சரயேவோ ஜெபாலயத்தில்
பழம் வாங்குவது என் பொறுப்பு.
போன வருடம் எண்பத்தொரு பை.
இந்த வருடம் எழுபத்தெட்டு.
ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை,
யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அத்தி, மாதுளை, வாதுமை,
கடைக்காரன் தன் கட்டைவிரலையும் சேர்த்து நிறுத்த பேரீச்சை,
பழஞ்செருப்புத் தோல் மாதிரி கரோப் காய்.
அதைக் கடித்துத்தான் மோரிட்ஸ் அல்தாரட்ஸ்
பல்லொன்றை இழந்தார்.
அது இல்லாத பையை இன்றும் வாங்க மாட்டார்.

முதல் கிண்ணம் வெள்ளைத் திராட்சை மது.
இரண்டாவதில் வெட்கம்போல் ஒரு சொட்டுச் சிவப்பு.
மூன்றாவது பாதிக்குப் பாதி.
நான்காவது முழுச் சிவப்பு.
அது எதைப் போலிருக்கிறது என்று
இந்த ஊரில் நாங்கள் சொல்வதில்லை.
செர்ரி, என்கிறார் அபினூன்.
செர்ரி, என்கிறோம்.

மூன்றாவதை ஊற்றும்போது அபினூன் வாசித்தார்:
நட்ட மரத்தின் கனியை மூன்றாண்டு தொடாதே,
ஆண்டு எண்ண இந்த நாளே கணக்கு.
ப்ளாங்காவுக்கு ஏழு வயது,
வாய் நிறைய ஆரஞ்சுச் சுளை.
"எங்க தெரு மரமெல்லாம் ஏன் ஒரே உயரம்?"

எல்லோரும் அவரவர் வாதுமையைப் பார்த்தோம்.
"சண்டை நடந்தப்போ ரொம்பக் குளிர்" என்றாள் அவள் அம்மா.
"யார் வெட்டினது?"

நான்தான், என்றேன்.
எல்லாவற்றையும் அல்ல. ஒன்றை.
ஏழாம் எண் முற்றத்தில் நின்ற லிண்டன்,
ஜூனில் தெருவையே மணக்கவைத்தது.
மின்சாரமில்லாத இரண்டாம் குளிர்காலம்.
அதற்குள் எரிந்து முடிந்திருந்தன
நாற்காலிகள், தரைப்பலகை,
என் கல்லூரிக் குறிப்பேடுகள், அப்பாவின் இடது காலணி.
வலதை ஏன் விட்டோம் என்று நினைவில்லை.

இரண்டு கைப்பிடி வைத்த ரம்பம்.
ஒரு முனையில் நான்,
மறுமுனையில் மூன்றாம் மாடி செனாடா.
அவள் இழுக்க நான் விட,
நான் இழுக்க அவள் விட.
பேச்சில்லை. மூச்சு மட்டும்
நடுவில் வெள்ளையாக நின்றது.
விழுந்தபின் வளையங்களை எண்ணினேன்
(கணக்கெழுதும் புத்தி).
அறுபத்தொன்று.
பச்சை விறகு. புகைந்தது, சீறியது,
முடியாது என்றது,
பிறகு எரிந்தது.
அந்தத் தேநீரைக் குடித்த ஆறு பேர்
இந்த மேசையில் இருக்கிறார்கள்.

ஏழு, என்று விரல் உயர்த்தினார் மோரிட்ஸ்.

"அப்போ அதுக்கும் இன்னைக்குப் பிறந்தநாளா?"

அபினூன் பக்கங்களை முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார்.
வெட்டிய மரத்தைப் பற்றி அவர் புத்தகத்தில் ஒன்றுமில்லை.
மூடிவைத்துவிட்டு
நான்காவது கிண்ணத்தை ஊற்றினார்,
கொஞ்சம் மேசையிலும்.

எழுபத்தெட்டு பைகளும் வீட்டுக்குப் போயின.
நான் வாங்கியது எழுபத்தொன்பது.
ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடிவிடும்,
கணக்கில் 'தவறு' என்று எழுதிவிடுவேன்.

மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
கம்பளிக் காலுறையோடு கதவைத் திறந்தாள் செனாடா.
அவளுக்கு வலது தோள் தூக்க முடியாது,
எனக்கும் அதே தோள்.
பையை வாங்கி மோந்தாள்.
"எத்தனை ஆச்சு அவளுக்கு?"
தொண்ணூற்றுமூன்று.
"அதான் இவ்வளவு கெட்டி" என்று
கரோப் காயை வெளியே எடுத்தாள்.

ஒரு முனை அவள் கையில்,
மறுமுனை என் கையில்.
வளைத்தோம். ஒடியவில்லை.
"நீ விடு, நான் இழுக்கிறேன்" என்றாள்.